அண்ணன் கேட்ட மன்னிப்பு

‘புஷ்பா’ படத்தின் இரண்டு பாகங்களையும் ஜவ்வாது மலையை மனதில் வைத்துக்கொண்டுதான் பார்த்தேன். சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்டும் கதையை எனக்கு வேறு விதமாகப் பார்க்க வராது.

இயக்குநர் சுகுமார் சொல்லும் கதையின் அடியில் கிடப்பது ஒரு வீட்டுப் பெயர். முறையான மனைவிக்குப் பிறந்த அண்ணன் அந்தப் பெயரைப் புஷ்பாவுக்குத் தர மறுக்கிறான். நிச்சயதார்த்தத்துக்கு வந்து தாயையும் மகனையும் ஊர் முன்னால் கூச வைக்கிறான். இரண்டாம் பாகத்தில் அதே அண்ணனின் மகள் காவேரி கடத்தப்படுகிறாள். புஷ்பா மீட்கிறான், கொல்கிறான். அண்ணன் மனம் மாறிக் கல்யாணத்துக்கு அழைக்கிறான்; இரு குடும்பங்களும் ஒன்றாகின்றன. நானும் கண்கலங்கினேன், ஒளிப்பானேன்? வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. தாய்க்கு நேர்ந்த அவமானத்தில் வளர்ந்த பகை, மகளின் மானத்தைக் காத்ததில் தீர்கிறது. பெண்களை வைத்து ஆண்கள் நேர் செய்துகொண்ட கணக்கு அது.

மரம் வெட்டும் கூலிகளோ கும்பலாக வந்துபோகிறார்கள். அவர்கள் வீடு எங்கே என்று படம் கேட்பதில்லை. பலருடைய வீடு ஜமுனாமரத்தூரைச் சுற்றிய மலையாளிப் பழங்குடிக் கிராமங்களில் இருக்கிறது. சாமை விளையும் மேட்டு நிலம்; ஆண்டு முழுக்க வேலை இருக்காது. தரகர் முன்பணம் கொடுத்து ஆள் பிடிப்பார்.

2013 டிசம்பரில் சேஷாசலத்தில் வனத்துறையினர் இருவர் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் தமிழகத் தொழிலாளர்கள் 200-க்கும் மேற்பட்டோர் சிறையில் கிடந்து, 2016-இல் விடுதலையானார்கள். இடையில், 2015 ஏப்ரல் 7 அன்று, ஆந்திரச் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. 12 பேர் திருவண்ணாமலை மாவட்டத்துக்காரர்கள். மலையிலிருந்தும் அடிவாரத்திலிருந்தும் போனவர்கள். தற்காப்பு என்றது படை. பழிவாங்கல் என்றார்கள் இங்கே.

தப்பிய ஒருவர் சொன்ன சாட்சியம் என்னை விட்டுப் போவதே இல்லை. கூட வந்தவர்களைப் பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்களாம். இவர் ஒரு பெண்ணின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்ததால், அவளோடு வந்தவர் என்று நினைத்து விட்டுவிட்டார்களாம். குடும்பஸ்தன் என்று தோன்றியதால் பிழைத்தார். மற்றவர்களுக்கும் குடும்பம் இருந்தது. அது பேருந்தில் கூட வரவில்லை, அவ்வளவுதான்.

வராத அந்தப் பெண்கள் பிறகு வந்தார்கள். உடல்களை எரிக்காமல் வைத்திருந்து கேட்டதால், நீதிமன்றம் 6 பேருக்கு மறு பிரேதப் பரிசோதனை செய்யச் சொன்னது. ஒரு மனைவியின் புகாரில் படையின் மீதே கொலை வழக்குப் பதிவானது. தேசிய மனித உரிமை ஆணையம் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணம் தரப் பரிந்துரைத்தது. பணத்தைப் பற்றிப் பேசினார்கள். மன்னிப்பு என்ற சொல்லை எந்த அரசும் எடுக்கவில்லை.

இதைப் பற்றி முன்பு எழுதியபோது, வனத்துறையினர் இருவரையும் நான் ஒரே வரியில் கடந்துவிட்டேன். தெலுங்கு வீடு, தமிழ் வீடு என்று பிரித்துத் துக்கம் கொண்டாடியதில் எனக்கும் பங்குண்டு. அந்த வீடுகளிலும் யாரோ சாப்பாட்டை மூடி வைத்துக் காத்திருந்திருப்பார்கள்.

அண்ணன் தம்பி சேர்ந்ததைக் காட்ட மூன்று மணி நேரத்துக்கு மேல் படம் எடுக்கிறார்கள். பேருந்தில் பக்கத்து இருக்கையில் இருந்த அந்தப் பெண்ணை வைத்து யாராவது எடுத்தால், முதல் நாளே போய்ப் பார்ப்பேன்.