கடைசி மாற்று ஆட்டக்காரர்

காற்பந்துச் சட்டப் புத்தகத்திலிருந்து நீக்கப்பட்ட விதிகளில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது தங்க கோல். கூடுதல் நேரத்தில் யார் முதலில் கோல் போடுகிறார்களோ, அந்த நொடியே ஆட்டம் அவர்களுக்கு. எதிரணிக்குப் பதிலடி தர வாய்ப்பே கிடையாது. 1993இல் ஃபிஃபா இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது, 2004இல் கைவிட்டார்கள். இந்தக் குறுகிய காலத்தில் எத்தனையோ பெரிய ஆட்டங்களை அந்த விதி முடித்துவைத்தது. அவற்றில் ஆகச் சிறந்தது நம் ஜோகூரில், லார்கின் அரங்கத்தில் நடந்தது என்று அடித்துச் சொல்வேன்.

1997 நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை. 1998 உலகக் கிண்ணத்துக்கான ஆசியத் தகுதிச் சுற்றில் ஜப்பானும் ஈரானும் பொது இடம் ஒன்றில் மோத வேண்டியிருந்தது. ஜோகூர் பாரு அந்தப் பொது இடமானது. ஜப்பான் அதுவரை ஒரு முறைகூட உலகக் கிண்ணத்துக்குப் போனதில்லை. ஜப்பானிலிருந்து திரண்டு வந்த ரசிகர்களால் அரங்கம் நீலமாகியிருந்தது. முற்பாதியில் நகயாமா கோல் போட்டார். பிற்பாதி தொடங்கியதுமே அசீசி சமன்செய்தார். 59ஆம் நிமிடத்தில் அலி டாயி தலையால் முட்டி ஈரானை முன்னிலைக்குக் கொண்டுபோனார்.

ஜப்பானியப் பயிற்றுநர் தாக்கேஷி ஒக்காடா, தகுதிச் சுற்றின் நடுவில் பழைய பயிற்றுநரை நீக்கியபோது அவசரமாகப் பொறுப்பேற்றவர். ஒரு பெரிய அணிக்கும் அதற்கு முன் அவர் தலைமைப் பயிற்றுநராக இருந்ததில்லை. அப்படிப்பட்டவர், பின்தங்கிய சில நிமிடங்களில், முன்வரிசையில் நின்ற நகயாமா, மியூரா இருவரையும் ஒரே நேரத்தில் வெளியே அழைத்தார். மியூரா ஜப்பானியக் காற்பந்தின் முகமாக இருந்தவர். உள்ளே போன இருவரில் ஒருவரான ஜோ, 76ஆம் நிமிடத்தில் தலையால் முட்டி 2-2 ஆக்கினார்.

எல்லாரும் பாராட்டுவது இந்த இரட்டை மாற்றத்தைத்தான். நான் ரசிப்பது ஒக்காடா செய்யாமல் விட்டதை. அன்றைய சட்டப்படி ஓர் அணிக்கு மூன்று மாற்றங்கள் மட்டுமே. இரண்டு தீர்ந்தபின் மீதமிருந்த ஒன்றை அவர் 90 நிமிடம் முடியும்வரை தொடவில்லை. ஜோகூரின் புழுக்கத்தில் ஆட்டக்காரர்களின் கால்கள் கனத்துக்கொண்டிருந்தன. யாராவது காயப்பட்டு விழுந்தால் என்ன ஆவது என்ற பயம் இருந்திருக்கும். ஆனாலும் பொறுத்தார். கூடுதல் நேரம் தொடங்கியபோதுதான் மசாயுக்கி ஒக்கானோவை இறக்கினார். நீண்ட தலைமுடியோடு மின்னலாக ஓடும் ஆள் அவர். 90 நிமிடம் ஓடிக் களைத்த தற்காப்பு வரிசைக்கு எதிரே ஒரு புதுக் கால்! அடுத்த கோலே கடைசி கோல் என்ற விதி இருந்ததால்தான் அந்தக் கணக்குக்கு அவ்வளவு கனம் வந்தது.

ஒக்கானோ முதலில் எல்லாரையும் தவிக்கவிட்டார். கோல்காவலர் அபெட்சாடேயை நேருக்கு நேர் சந்தித்தும் உதைக்காமல் பந்தைத் தள்ளிவிட்டார். இன்னொரு வாய்ப்பைக் கம்பத்துக்கு மேலே அனுப்பினார். சாதாரணக் கூடுதல் நேரத்தில் இவை வீணான வாய்ப்புகள் என்பதோடு போயிருக்கும். தங்க கோல் ஆட்டத்தில் ஒவ்வொன்றும் கையில் வந்து நழுவிப்போன உலகக் கிண்ணம். பினால்டிக்கு இரண்டே நிமிடம் இருக்கையில், 118ஆம் நிமிடத்தில், 20 வயது நகாத்தா பந்தை முன்னே ஓட்டி வந்து இடக்காலால் உதைத்தார். அபெட்சாடே தடுத்தார், பந்து கையில் நிற்கவில்லை. சறுக்கி வந்த ஒக்கானோ அதை உள்ளே தள்ளினார். 3-2. ஒக்காடா திடலுக்குள் ஓடினார்.

அடுத்த ஆண்டு பராகுவேக்கு எதிராக லோரான் பிளான் போட்டதுதான் உலகக் கிண்ணத்தின் முதல் தங்க கோல். 2000 ஐரோப்பியக் கிண்ண இறுதியில் இத்தாலியை வீழ்த்திய திரேசகேயின் உதை இதைவிட அழகானது. இருந்தாலும் லார்கினில் நடந்ததுபோல, பயிற்றுநர், மாற்று ஆட்டக்காரர், விதி மூன்றும் ஒரே புள்ளியில் வந்து சேர்ந்த ஆட்டம் இன்னொன்றை நான் காணவில்லை.

விதியை ஏன் விட்டார்கள்? தாக்குதலைத் தூண்டும் என்று கொண்டுவந்தார்கள். பல அணிகள் தோல்விக்குப் பயந்து பின்னால் குவிந்து பினால்டிக்குக் காத்திருந்தன. அந்தக் குறை உண்மைதான். சில இடங்களில் விதியையே முறுக்கினார்கள். 1994 கரீபியன் கிண்ணத் தகுதிச் சுற்றில் தங்க கோலை இரண்டு கோலாக எண்ணுவது என்று ஏற்பாடு. பார்படோஸ் அடுத்த சுற்றுக்குப் போக இரண்டு கோல் வித்தியாசத்தில் வெல்ல வேண்டும். கிரெனடாவை 2-1 என்று முந்தியிருந்தவர்கள், நேரம் போதாது என்று கண்டு, ஆட்டம் முடியும் தறுவாயில் தங்கள் வலையிலேயே வேண்டுமென்று பந்தைப் போட்டார்கள். ஆட்டம் 2-2. பிறகு கிரெனடாக்காரர்கள் எந்தக் கோல் கம்பத்திலாவது போட ஓட, பார்படோஸ் இரு பக்கமும் காவல் நின்றது. கூடுதல் நேரத்தில் ஒரே கோல் போட்டு 4-2 என்று வென்றது. கோமாளித்தனம் என்பார்கள் பலர். விதியை எழுத்தெழுத்தாகப் படித்து நிமிடங்களுக்குள் அப்படி முடிவெடுத்தவர்களை நான் மதிக்கிறேன்.

இந்த யோசனை ஃபிஃபாவுக்கு முன்பே இருந்தது. 1868இல் ஷெஃபீல்டில் கிராம்வெல் கிண்ண இறுதியாட்டத்தை 'தி வென்ஸ்டே' அணி கூடுதல் நேரத்தில் இப்படித்தான் முதல் கோலால் வென்றது. பண்டார் தெங்காராவில் செம்பனைக்குப் பின்னால் வெயில் இறங்கும்போது திடலில் ஆடும் பையன்களும் இதே முடிவுக்குத்தான் வருகிறார்கள்: அடுத்த கோல் போடுகிறவன் ஜெயித்தான், வீட்டுக்குப் போகலாம். அவர்களுக்கு 2004 தெரியாது. அந்தக் கடைசிக் கோலுக்காக அவர்கள் ஓடும் ஓட்டம், அதுவரை ஆடிய ஒரு மணி நேரத்திலும் இல்லாதது.

தோற்ற ஈரானுக்கும் வழி பிறந்தது. அடுத்த இரு வாரங்களுக்குள் ஆஸ்திரேலியாவுடன் இரண்டு ஆட்டங்கள். தெஹ்ரானில் 1-1. மெல்பர்னில் 0-2 என்று பின்தங்கி 2-2க்கு மீண்டார்கள். எதிரணி மண்ணில் போட்ட கோல்கள் கூடுதல் என்பதால் அவர்களும் உலகக் கிண்ணம் போனார்கள். அந்த விதியையும் ஐரோப்பா 2021இல் தூக்கிவிட்டது.

இன்று ஐந்து மாற்றங்கள், கூடுதல் நேரத்துக்கு இன்னொன்று வேறு. ஆட்டக்காரர்களின் உடம்புக்கு நல்லது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மூன்றில் ஒன்றை 90 நிமிடம் பிடித்து வைத்திருக்கும் துணிச்சலுக்கு இனி வேலையில்லை. லார்கின் ஆட்டத்தின் ஒளிப்பதிவு கிடைத்தால் கோலை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். கூடுதல் நேரம் முழுக்க நகாத்தாவின் கண் எங்கே போகிறது என்று கவனியுங்கள்: பந்து காலுக்கு வருமுன்னரே ஒக்கானோ எந்தப் பக்கம் ஓடுகிறார் என்று தேடிக்கொண்டிருப்பார்.