சாரலும் தேரியும்

ஆனி பிறந்து தென்மேற்குப் பருவக்காற்று வலுத்ததும், செங்கோட்டைக் கணவாயின் வழியே மலையைக் கடந்து வரும் மேகங்கள் குற்றாலத்தின்மீது சாரலாய் இறங்க, பேரருவியின் அடியில் தலையைக் கொடுத்து நின்று, மூச்சு முட்டி, நடுங்கிக்கொண்டே வெளியே வந்து துவட்டிக்கொள்ளும் யாத்திரிகர் பலருடைய வாயில் முதலில் பிறக்கும் சொல் 'ஆண்டவன் கருணை' என்பதே. அதைப் போலி பக்தி என்று தள்ளிவிட முடியாது. தலத்தின் அருவியையும் மரத்தையும் மந்தியையும் சொல்லி அவற்றிடையே இறைவனைக் காட்டும் மரபு தேவாரம் தொட்டே நம்மிடம் உண்டு. குற்றாலத்தைப் பாடிய ஞானசம்பந்தர், அங்குள்ள குறும்பலாவை வைத்துத் தனியாகவே ஒரு பதிகம் பாடியிருக்கிறார்.

இப்பழக்கத்தின் உயர்வு யாதெனில், அது நம்முடைய உரிமையுணர்ச்சியைக் களைகிறது என்பதாம். வீட்டுக் குழாயில் வரும் நீரை, வரி கட்டியதற்கு வந்த பண்டமாகவே கருதி, வராத நாளில் மட்டும் அதனை நினைக்கிற நாம், அருவியின் முன் நிற்கையில், இதற்காக நாம் ஒன்றுமே செய்யவில்லை என்பதைத் தோலாலும் எலும்பாலும் உணர்கிறோம். அவ்வுணர்ச்சியிலிருந்து நன்றி பிறப்பது இயல்பு. இதுவரை குறை சொல்ல ஏதுமில்லை.

குறை, அந்த நன்றி அநுமானமாக மாறும் இடத்தில் தொடங்குகிறது. மலையிலே புகை கண்டு நெருப்புண்டென்று துணிவதற்கு, புகை எங்கும் நெருப்பை விட்டுப் பிரியாதிருக்க வேண்டும் என்பது நம் தர்க்க சாஸ்திரம். இயற்கை எங்கும் கருணையை விட்டுப் பிரியாதிருக்கிறதா? குற்றாலத்திற்குச் சாரல் தரும் அதே தென்மேற்குக் காற்றுத்தான், மலையில் ஈரத்தைப் பறிகொடுத்துக் கிழக்கே வறண்டு வீசி, செம்மண்ணை வாரிக் குவித்துச் சாத்தான்குளம், திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிகளை உண்டாக்கியது என்பர். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வெள்ளம் புரண்டு 17 வயதுப் பிள்ளையொருவனின் உயிரைக் கொண்டுபோயிற்று. கரையேறியவர்கள் 'ஆண்டவன் காப்பாற்றினான்' என்று சொல்லியிருந்தால், அவர்களுடைய நெஞ்சுக்கு அது மெய்யே; ஆயினும் அந்தப் பிள்ளையைப் பெற்றவள் காதில் விழும்படி சொல்லத்தக்க வாக்கியம் அன்று.

டார்வின் இவ்விஷயத்தில் நேர்மையான சாட்சி. 1832-இல் பீகிள் கப்பலில் பிரேசிலை அடைந்து, அந்நாட்டுக் காடுகளின் நடுவே நின்றபோது, மனிதனிடத்தில் வெறும் மூச்சுக்கு மேற்பட்ட ஏதோ உண்டு என்ற உறுதி தமக்கு ஏற்பட்டதையும், முதுமையில் எத்தகைய மகத்தான காட்சியும் அவ்வுறுதியைத் தராமற் போனதையும் அவரே தம் சரிதத்தில் எழுதிவைத்தார். காட்டை அவர் குறை சொல்லவில்லை. காண்பவனுடைய உள்ளத்து நிலையைக் கடவுளுக்குப் பிரமாணமாக்கக் கூடாதென்றார்.

பக்தியுலகிலிருந்தே இதனினும் கூரிய கண்டனம் எழுந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. கயிலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்து ஏறினார் காரைக்காலம்மையார் என்கிறது பெரிய புராணம். பனிமலையின் உச்சி வரை சென்றுவிட்ட அந்த யாத்திரிகரை, இறைவன் அங்கேயே இருத்திக்கொள்ளாமல், தன் ஆடலைக் காணத் திருவாலங்காட்டுக்கு அனுப்புகிறான். அம்மையார் அங்கே பாடியதோ கள்ளியும் நரியும் பேயும் சூழ்ந்த சுடுகாட்டை. அருவிக்கரையில் மட்டும் ஆண்டவனைக் கண்டு, மாலையில் விடுதிக்குத் திரும்பிச் சுடச்சுடத் தோசை உண்ணும் நம் போன்றோருக்கு (என்னையும் சேர்த்தே சொல்கிறேன்) அந்தப் பதிகம் சற்றே சங்கடமான துணை.

ஒரு முறை குற்றாலத்தில் நீராடிய மறுநாள் சாத்தான்குளம் வழியாகத் திருச்செந்தூர் சென்றேன். தேரியோரம் பேருந்து நின்ற சிறுபொழுதில், பனையினின்று இறங்கிய ஒருவர், கலயத்துப் பதநீரைப் பட்டையில் ஊற்றுமுன் ஏதோ முணுமுணுத்ததைக் கண்டேன். அது யார் பெயர், என்ன பொருளில் என்று கேட்க இறங்க நினைத்தேன். நடத்துநர் விசில் ஊதிவிட்டார்.