பாட்டுக்குள் வராத கைதிகள்

பொப் டிலனின் இளமைக்காலத்தைச் சொல்லும் 'அ கொம்பிளீற் அன்னோன்' என்ற திரைப்படத்தை (2024, நெறியாள்கை ஜேம்ஸ் மான்கோல்ட்) அண்மையில் பார்த்தேன். நன்றாக எடுக்கப்பட்ட படம். நடிப்பும் பாட்டும் சோடை போகவில்லை. ஆனால் 1965இல் நியூபோர்ட் விழாவில் டிலன் மின்கிதாரைக் கையிலெடுத்ததோடு கதை ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. எதிர்ப்புப் பாடலின் வரலாற்றில் நடந்த பெரிய சண்டை கிதாருக்கு மின்சாரம் கொடுக்கலாமா கூடாதா என்பதுதான் என்று ஓர் இளைஞன் நினைத்துக்கொண்டு வெளியே வரலாம். பீற் சீகரும் ஜோன் பயஸும் இப்படத்தில் ஒரு மேதையின் வழியில் வந்துபோகிற இருவர். அவர்கள் இருவரது வாழ்விலும் சிறை என்ற ஒன்று நடுவில் நிற்கிறது. சீகரின் வழக்கு படத்தின் தொடக்கத்தில் வருகிறது, பிறகு மறக்கப்படுகிறது. பயஸின் சிறை படம் நின்றுவிட்ட ஆண்டுக்குப் பின்னால் வருவதால் அதற்கு இடமேயில்லை. நான் எழுத விரும்புவது இந்தச் சிறைகளைப் பற்றி.

முதலில் என் சொந்தக் கணக்கு ஒன்று. 1987இல் யேர்மனியில் ஒரு சிறு நகரத்து அகதிகள் ஹைமில் இருந்தேன். அவ்வாண்டு ஈஸ்ரர் சமாதான ஊர்வலத்துக்கு எங்களையும் அழைத்துச் சென்றார்கள். ஏவுகணைகளுக்கெதிரான பதாகைகள், குழந்தை வண்டிகள், வயோதிபர்கள். முடிவில் எல்லோரும் கைகோர்த்து 'வீ ஷால் ஓவர்கம்' பாடினார்கள். அதைத் தமிழில் சொல்லித்தரும்படி ஓர் ஆசிரியை கேட்டார். முதற் சொல்லிலேயே நின்றுவிட்டேன். ஆங்கிலத்தில் ஒரே சொல். தமிழிலோ இரண்டு இருக்கின்றன: கேட்பவரையும் சேர்த்துக்கொள்கிற 'நாம்', கேட்பவரை வெளியே நிறுத்துகிற 'நாங்கள்'. எங்கள் யாழ்ப்பாணப் பேச்சில் பெரும்பாலும் இரண்டுக்கும் 'நாங்கள்'தான். எழுதும்போது மட்டும் தெரிவுசெய்தே ஆகவேண்டும். நான் 'நாங்கள்' என்று எழுதிக் கொடுத்தேன். அது இலக்கணப் பிரச்சினை என்றுதான் அன்று நினைத்தேன். இன்று அதை ஓர் அரசியற் பிரச்சினையாகப் பார்க்கிறேன்.

அந்தப் பாட்டின் வரலாறே இச்சொல் விரிந்த வரலாறுதான். கறுப்பின மக்களின் தேவாலயத்திலிருந்து வந்து, 1945-46இல் தென் கரோலினாவின் சார்ள்ஸ்ரன் நகரில் வேலைநிறுத்தம் செய்த புகையிலைத் தொழிலாளரின் வாயில் ஏறி, அவர்களிடமிருந்து ஹைலண்டர் பாடசாலையின் சில்பியா ஹோர்ட்டனுக்கும் அவரிடமிருந்து சீகருக்கும் போய், பின்னர் சிவில் உரிமை இயக்கத்தின் பாட்டாயிற்று. ஒவ்வொரு கையிலும் சொல் மாறியது, சரணம் கூடியது. நாட்டார் பாடலின் பலம் இதுதான். அதற்கு உரிமையாளன் இல்லை. நல்ல குரல் தேவையில்லை. சிறைக்கூண்டிலும் பொலிஸ் வண்டியிலும் பாடலாம். ஆனால் ஒரு கூட்டத்தை 'நாங்கள்' என்று திரட்டுகிற பாட்டு, அந்தக் கூட்டம் யாரை வெளியே நிறுத்தியிருக்கிறது என்பதை மறைக்கவும் கூடும். சீகரின் வாழ்வில் இவ்விரண்டையும் காணலாம்.

1955 ஓகஸ்டில் சீகர் அமெரிக்க விரோத நடவடிக்கைகளுக்கான காங்கிரஸ் குழுவின் முன் நிறுத்தப்பட்டார். தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்ல மறுக்கும் ஐந்தாவது திருத்தத்தின் பின்னால் அவர் ஒதுங்கவில்லை. என் நம்பிக்கைகளையும் தொடர்புகளையும் பற்றிக் கேட்க உங்களுக்கு உரிமையில்லை என்று நின்றார். என் பாட்டுகளைப் பாடிக்காட்டுகிறேன், யார் முன்னிலையில் பாடினேன் என்பதைச் சொல்லமாட்டேன் என்றார். 1961இல் பத்துக் குற்றச்சாட்டுகளுக்கும் ஒவ்வோராண்டுச் சிறை, ஏககாலத்தில் அனுபவிக்கவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. 1962 மே மாதம் மேல்நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. ஆனாலும் 1967 வரை அவரது முகம் பெரிய தொலைக்காட்சி நிறுவனங்களின் திரையில் வராமல் பார்த்துக்கொள்ளப்பட்டது. பெயர்களைச் சொல்லித் தப்பிக்கொண்டவர்கள் நிறைந்த காலத்தில் இது சாதாரண துணிவல்ல. தலையாட்டிகளின் காலத்தைக் கண்ட நமக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

இதே சீகர் 1941இல் அல்மனக் பாடகர் குழுவோடு 'சோங்ஸ் ஃபோர் ஜோன் டோ' என்ற இசைத்தட்டை வெளியிட்டவர். யுத்தத்துக்கும் கட்டாய இராணுவ சேவைக்கும் எதிரான பாட்டுகள். அப்போது ஹிட்லரோடு ஸ்டாலின் செய்த ஒப்பந்தம் நடைமுறையில் இருந்தது. ஜூன் 22இல் ஹிட்லர் சோவியத் யூனியனுக்குள் புகுந்ததும் அத்தட்டு விற்பனையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அடுத்த ஆண்டு அதே குழு யுத்தத்தை ஆதரித்துப் பாடியது. ஹிட்லரை எதிர்த்தது சரி. கேள்வி வேறு: சமாதானம் என்ற சொல்லின் பொருளை ஒரு கட்சி ஒரே வாரத்தில் மாற்றிவிட முடியுமென்றால், அந்தப் பாட்டை உண்மையில் பாடிக்கொண்டிருந்தது யார்? சோவியத் முகாம்களில் கிடந்தவர்களுக்காக சீகர் அக்காலத்தில் பாடவில்லை. 1990களில் தன் நூலில் அதற்காக வருந்தினார். 2007இல், எண்பத்தெட்டு வயதில், ஸ்டாலினைக் கண்டித்து ஒரு பாட்டு எழுதினார். 2014இல் மறைந்தார். காலம் கடந்தாவது வந்ததே என்று நான் மதிக்கிறேன். அந்தக் கைதிகளில் பெரும்பாலானோர் அதைக் கேட்க உயிரோடு இருக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஜோன் பயஸிடம் வருவோம். 1964இல் வருமான வரியில் இராணுவத்துக்குப் போகும் பங்கென்று கணக்கிட்டு அறுபது வீதத்தைக் கட்ட மறுத்தார். 1967இல் ஓக்லண்ட் ஆட்சேர்ப்பு நிலையத்தின் வாசலை மறித்து இருமுறை சிறை சென்றார். 1968 ஜனவரியில் சாந்தா ரீற்றா சிறைக்கு வந்து அவரைப் பார்த்தவர்களில் மார்ட்டின் லூதர் கிங்கும் ஒருவர். அவ்வாண்டு மார்ச்சில் டேவிட் ஹாரிஸை மணந்தார். ஹாரிஸ் ஸ்ரான்ஃபோர்ட் மாணவர் தலைவராயிருந்தவர். கனடாவுக்கு ஓடவோ வைத்தியச் சான்றிதழ் தேடவோ மறுத்து, படையில் சேரமாட்டேன், சிறைக்கு வருகிறேன் என்று சொன்ன இளைஞர்களில் ஒருவர். 1969 ஜூலையிலிருந்து 1971 மார்ச் வரை இருபது மாதங்கள் உள்ளேயிருந்தார். அவரைப்போல் வியற்நாம் யுத்த காலத்தில் சிறைக்குப் போன மறுப்பாளர்கள் சுமார் 3,250 பேர்.

வூட்ஸ்ரொக் மேடையில் கர்ப்பிணியாக நின்று பயஸ் பேசியது பலருக்கும் தெரிந்திருக்கும். கணவர் சிறையில் நலமாயிருக்கிறார், அங்கே உண்ணாவிரதம் நடத்துகிறார் என்று கூட்டத்துக்குச் சொன்னார். அதே ஆண்டு ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஒரு பாட்டை ஹாரிஸுக்குச் சமர்ப்பித்தபோது, அவர் எதற்காகச் சிறை செல்கிறார் என்ற பகுதியை நிறுவனம் வெட்டியது. கணவன் சிறை செல்கிறான் என்ற சோகம் ஒளிபரப்பாகலாம், காரணம் ஒளிபரப்பாகக் கூடாது. கைதியைக் காரணத்திலிருந்து பிரித்து வெறும் பரிதாபத்துக்குரியவனாக்குவது எல்லா அதிகாரங்களும் அறிந்த வித்தை.

இயக்கத்தின் உள்ளேயும் வெட்டுதல்கள் நடந்தன. 1968இல் பயஸும் அவரது சகோதரிகளும் அமர்ந்திருக்கும் ஒரு சுவரொட்டி, படைக்கு இல்லையென்று சொல்லும் ஆண்களுக்குப் பெண்கள் ஆமென்பார்கள் என்ற வாசகத்தோடு, மறுப்பியக்கத்துக்கு நிதி சேர்க்க விற்கப்பட்டது. ஆண் சிறைக்குப் போவான், பெண் அவனுக்குப் பரிசாவாள். பெண்ணிலைவாதிகள் அப்போதே கோபப்பட்டார்கள். அந்தப் படத்திலிருக்கும் பயஸ் தானே இருமுறை சிறை சென்றவர் என்பதை அச்சுவரொட்டி சொல்லவில்லை. நமது இயக்கங்கள் அச்சிட்ட வீரத்தாய்ச் சுவரொட்டிகளை நினைத்துக்கொண்டேன்.

இவ்வளவும் அமெரிக்க அரசின் சிறைகள். எதிரியின் சிறையைப் பாடுவதற்குத் துணிவு வேண்டும், ஆனால் தனிமை வேண்டியதில்லை. கூட்டம் கூடவே பாடும். பயஸின் மரபில் எனக்கு முக்கியமாகப் படுவது 1979இல் நடந்தது.

1972 டிசம்பரில் அவர் ஹனோய் சென்றிருந்தார். அங்கே சிறைவைக்கப்பட்டிருந்த அமெரிக்கப் படையினருக்குக் கடிதங்களைக் கொண்டுபோன குழு அது. நிக்சனின் நத்தார்காலக் குண்டுவீச்சுக்குள் அகப்பட்டு, நிலவறையில் பதுங்கி, அந்த ஓசைகளைப் பதிவுசெய்து மறுவருடம் ஒரு முழுப் பக்க இசைத்தட்டாக்கினார். வியற்நாமிய மக்களின் தோழி என்பதில் அவருக்கு எந்தச் சான்றிதழும் தேவையில்லை. அப்படிப்பட்டவர் 1979 மே 30ஆம் திகதி அமெரிக்க நாளிதழ்களில் வியற்நாம் அரசுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் வெளியிட்டார். வெற்றிக்குப் பின் விசாரணையின்றி அடைக்கப்பட்டவர்கள், மறுகல்வி முகாம்கள், சித்திரவதை பற்றி அது பேசியது. யுத்தத்தை எதிர்த்துச் சிறை சென்ற டானியல் பெரிகன் பாதிரியார், சீசர் சாவேஸ், அலன் கின்ஸ்பேர்க் உட்பட எண்பதுக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். ஜேன் ஃபொண்டா மறுத்தார். பழைய தோழர்கள் பலர் பயஸைத் தூற்றினர்.

மறுத்தவர்களின் வாதங்களை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. அந்நாட்டைக் குண்டுபோட்டு நாசமாக்கிய அமெரிக்கா பொருளாதாரத் தடையும் விதித்திருந்தது. 1979 ஜனவரியில் பொல்பொட்டை விரட்டியது வியற்நாம். பெப்ரவரியில் சீனா அதன்மேல் படையெடுத்தது. இந்நேரத்தில் இக்கடிதம் யாருக்கு உதவும்? வலதுசாரிகள் மகிழ்ந்தார்கள் என்பது உண்மை. தகவல்களைத் தந்தவர்கள் எல்லோரும் நடுநிலையாளர்களா என்ற கேள்வியும் நியாயமானது.

ஆனால் முகாமுக்குள் இருப்பவனிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள். சீனப் படையெடுப்பு முடியட்டும், தடை நீங்கட்டும், பிறகு உனக்காகப் பேசுகிறோம் என்று. விடுதலை பெறும் நாடுகளுக்கு நெருக்கடி இல்லாத காலம் என்று ஒன்று வருவதில்லை. அதனால் 'இப்போது வேண்டாம்' என்பது நடைமுறையில் 'எப்போதும் வேண்டாம்' என்றாகிறது. எதிரி பயன்படுத்திக்கொள்வான் என்ற வாதத்துக்கு பயஸ் தன் நடத்தையாலேயே பதில் சொன்னார். 1974இலேயே சிலி மக்களுக்காக, விக்ரர் ஹாராவின் பாட்டும் இடம்பெற்ற ஸ்பானிய இசைத்தட்டை வெளியிட்டவர். 1981இல் வலதுசாரி இராணுவ ஆட்சிகளின் கீழிருந்த லத்தீன் அமெரிக்க நாடுகளுக்குப் போனார். அங்கே அவரது நிகழ்ச்சிகள் தடுக்கப்பட்டன, கொலை மிரட்டல் வந்தது. அவர் முகாம் மாறவில்லை. இன்னொரு முகாமின் கைதிகளையும் சேர்த்துக்கொண்டார். அவரோடு உழைத்த ஜினெற்றா சாகன் இத்தாலியப் பாசிஸ்டுகளால் சித்திரவதை செய்யப்பட்டவர் என்பதையும், வியற்நாம் கைதிகளுக்காக அவரும் பேசினார் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்கிறேன்.

இன்னொன்று. அக்காலத்தில் வியற்நாமிலிருந்து படகுகளில் தப்பியோடியவர்களைக் கடலில் காப்பாற்றவேண்டும் என்றும் பயஸ் இயங்கினார். அவர்களும் அகதிகள். 'விடுதலைபெற்ற நாட்டை விட்டு ஓடியவர்கள்' என்ற ஏளனத்தோடு வாழ்ந்தவர்கள். இந்த ஏளனம் நமக்குப் பழக்கமானது.

1979 நமக்கும் ஒரு குறியீட்டு ஆண்டு. அவ்வாண்டு ஜூலையில்தான் இலங்கையில் பயங்கரவாதத் தடைச்சட்டம் வந்தது. அச்சட்டத்தின் கைதிகளுக்காகவும், 1983 ஜூலையில் வெலிக்கடையில் கொல்லப்பட்ட ஐம்பத்து மூவருக்காகவும் நாம் கவிதை எழுதினோம், பாடினோம், ஐரோப்பியத் தெருக்களில் நின்றோம். செய்யவேண்டியதையே செய்தோம். ஆனால் ஹைமில் நாங்கள் சுற்றிச்சுற்றிப் போட்டுக் கேட்ட கசெற்றுகளில் இயக்கங்களின் சிறைகள் ஒருநாளும் வரவில்லை. 1991 ஓகஸ்டில் விடுதலைப் புலிகள் கவிஞர் செல்வியைக் கைதுசெய்தார்கள். மறு ஆண்டு சர்வதேச எழுத்தாளர் அமைப்பான பென் அவருக்கு விருது வழங்கியது. அவர் திரும்பி வரவேயில்லை. அவருக்காகக் குரல் கொடுத்தவர்கள் நம்மிடையே இருந்தார்கள், ஏச்சும் அடியும் வாங்கினார்கள். நான் அவர்களில் ஒருவனல்ல.

தொண்ணூறுகளின் முற்பகுதியில் இயக்கச் சிறைகளில் இருந்தவர்களை விடுவிக்கக் கோரும் கடிதமொன்று எனது அறைக்கும் வந்தது. கொண்டுவந்த நண்பர் தேநீர் ஆறும்வரை காத்திருந்தார். அம்மா ஊரிலிருக்கிறா என்றேன். அது உண்மை. பிறகு, நேரம் சரியில்லை, அரசாங்கம் இதைப் பயன்படுத்தும் என்றேன். அது நான் வெட்கத்தை மறைக்கத் தேடிய அரசியல். முதற் காரணத்தோடு நிறுத்தியிருந்தால் இன்று இவ்வளவு உறுத்தாது. பயத்தைப் பயம் என்று சொல்வதில் ஒரு நேர்மை இருக்கிறது. பயத்துக்குத் தத்துவம் எழுதும்போதுதான் நம்மைப்போன்ற எழுத்தறிந்தவர்கள் அதிகாரத்துக்குக் கூலியில்லாத வேலைக்காரராகிறோம்.

புலிகள் 2009இல் அழிக்கப்பட்டுவிட்டார்கள், இனி இதைக் கிளறி என்ன பயன் என்று கேட்கப்படுகிறது. இறுதி யுத்தத்தின் பின் அரச படைகளிடம் கையளிக்கப்பட்டுக் காணாமற்போனோரின் தாய்மார் படங்களோடு தெருவில் இருந்தார்கள். அவர்களுக்காகப் பேச ஒருவருக்குள்ள தார்மீக பலம், முன்னைய காணாமற்போதல்களைப் பற்றி அவர் பேசத் தயாராக இருப்பதிலும் தங்கியிருக்கிறது. இரண்டும் சமம் என்று நான் சொல்ல வரவில்லை. அரசின் குற்றம் அளவிலும் அதிகாரத்திலும் வேறானது. ஆனால் எந்தத் தாயும் தன் பிள்ளையை அளவுகோல் வைத்துத் தேடுவதில்லை.

எதிர்ப்புப் பாடலின் மரபு என்று எதைப் பொறுக்கிக்கொள்வது என்பதே எனது கேள்வி. 1955இன் சீகரிடமிருந்து பெயர் சொல்லாத உறுதியை எடுத்துக்கொள்ளலாம். அவரது நீண்ட மௌனத்திலிருந்து எச்சரிக்கையை எடுத்துக்கொள்ளலாம். 1979இன் பயஸிடமிருந்து, தன் கூட்டமே திரும்பி நின்றாலும் கைதியின் பக்கம் நிற்பதை எடுத்துக்கொள்ளலாம். அந்த ஆசிரியைக்கு நான் எழுதிக்கொடுத்த காகிதம் எங்கே போயிற்றோ தெரியாது. இன்று கேட்டால் முதற் சொல்லை 'நாம்' என்று திருத்திக் கொடுப்பேன். அது வெறும் எழுத்துத் திருத்தமாக நின்றுவிடாதிருக்க, நமது நினைவுக் கூட்டங்களில் வாசிக்கப்படும் கைதிகளின் பட்டியலில் எல்லாச் சிறைகளின் பெயர்களும் இருக்கவேண்டும். இதை மறுப்பவர்கள் இருப்பார்கள். அவர்கள் மறுத்து எழுதட்டும், பேசுவோம்.