அர்த்தம் தெரியாத 11 பாயின்ட்

ஸ்க்ராபிள் ஆடியிருக்கிறீர்களா? 100 கட்டைகளில் ‘க்யூ’ ஒன்றே ஒன்று. 10 பாயின்ட். ஆனால், கூடவே ‘யூ’ வந்து மாட்டாவிட்டால் தலைவலிதான். 2006-ல் வட அமெரிக்க ஆட்டக்காரர்களின் சொல்பட்டியலில் ஒரு மருந்து சேர்ந்தது. க்யூ, ஐ. இரண்டே எழுத்து. உச்சரிப்பு ‘சீ’ (உங்களைத் திட்டவில்லை!).

போன வாரம் என் மகள் அதை வைத்து 11 பாயின்ட் அள்ளினாள்.

‘‘அப்படின்னா என்னம்மா?’’

‘‘தெரியாதுப்பா. லிஸ்ட்ல இருக்கு!’’

கோபிக்க முடியவில்லை. நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ், பிரெஞ்சு பேசத் தெரியாமலேயே சொல்பட்டியலை மனப்பாடம் செய்து, 2015-ல் பிரெஞ்சு ஸ்க்ராபிளில் உலக சாம்பியன் ஆனார். 2024-ல் ஸ்பானிஷிலும்! அபார மூளை. ஒரு சலாம்.

ஆனாலும், பி.காம். படித்த எனக்கு ஓர் உறுத்தல். ஸ்டாக் லிஸ்ட்டை மட்டும் ஒப்பித்துவிட்டு, ஒரு மூட்டையைக்கூடப் பிரித்துப் பார்க்காத வியாபாரம் அல்லவா இது? எழுத்தை எண்ணத் தெரிந்த இந்த ஆட்டத்துக்கு, சொல்லை மதிக்கத் தெரியவில்லை.

அதனால் எங்கள் வீட்டில் புது விதி: அர்த்தம் சொன்னால் டபுள் பாயின்ட். மகள் உடனே அகராதியைப் புரட்டினாள்.

சீன மொழியிலிருந்து வந்த சொல்லாம். அர்த்தம்? உயிர்சக்தி!