பிழையில் பிறந்த பதங்கள்

சாஸ்திர நூல்களில் வழங்கும் ஆங்கிலப் பதங்களின் கிரேக்க, லத்தீன் வேஷத்தைக் கண்ட மாத்திரத்தில், அவை பண்டிதர் பலர் கூடி ஆராய்ந்து, ஐயந்திரிபற அமைத்த பெயர்களாகவே இருக்கவேண்டுமென்று நாம் பயபக்தியோடு எண்ணிக்கொள்கிறோம். அவற்றின் உத்பத்தியை விசாரிக்கப் புகுந்தால் கிடைக்கும் சமாசாரம் வேறு. கொள்கை மாண்டுபோன பின்னும் அக்கொள்கையைச் சொல்லும் பெயர் மாளாமல் இருப்பதும், மொழிபெயர்ப்பாளன் ஒருவன் தடுமாறிய இடம் பிற்காலத்தார்க்குக் கணித பரிபாஷை ஆகிவிடுவதும், அச்சுக் கோப்பவன் கைப்பிசகு கலாசாலை வாசலில் கௌரவமாக உட்கார்ந்துகொள்வதும் அங்கே சர்வசாதாரணம். பெயரிட்டவர்களின் ஞானத்தைக் காட்டிலும் அவர்களுடைய அஞ்ஞானமே இப்பதங்களில் பத்திரமாக இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

ஆக்ஸிஜனையே எடுத்துக்கொள்வோம். 1774-இல் பிரீஸ்ட்லி என்னும் ஆங்கிலப் பாதிரியார், பாதரசத்தின் சிவந்த பஸ்பத்தின்மேல் சூரியகாந்தக் கண்ணாடியால் வெயிலைக் குவித்துச் சுட்டு அவ்வாயுவைப் பிரித்தார். அதன் தன்மையைச் சரிவர உணர்ந்தவர் பாரிஸ் நகரத்து லவாஸியே. கந்தகத்தையும் பாஸ்பரஸையும் கரியையும் எரித்துப் பார்த்து, எரிந்தபின் கிடைத்தவை நீரில் கரைந்து புளிப்பதைக் கண்ட அவர், உலகத்திலுள்ள அமிலங்களுக்கெல்லாம் இவ்வாயுவே காரணம் என்று தீர்மானித்து, 'அமிலத்தைப் பிறப்பிப்பது' என்று பொருள்படும் கிரேக்கப் பெயரைச் சூட்டினார். 1787-இல் அவரும் நண்பர் மூவரும் வெளியிட்ட ரஸாயனப் பெயர்முறை நூல் அதை நிலைநிறுத்தியது. 1794-இல் புரட்சிக்காரர்கள் லவாஸியேயின் தலையை வாங்கினார்கள். 1810-இல் ஹம்ப்ரி டேவி, உப்பிலிருந்து எடுக்கும் காரமான அமிலத்தில் ஹைட்ரஜனும் குளோரினும் தவிர வேறொன்றும் இல்லையென்று நிரூபித்து அவருடைய கொள்கையின் தலையையும் வாங்கினார். பெயரை மட்டும் எவரும் தொடவில்லை. ஜெர்மானியர் ஒருபடி மேலே போய், 'புளிப்புப் பொருள்' என்று அதைத் தம் மொழியிலேயே ஆக்கிக்கொண்டு இன்றுவரை அப்படியே அழைக்கிறார்கள். நம்மவரோ பிராணவாயு என்றபோது, லவாஸியேயின் சித்தாந்தத்தை விட்டுவிட்டு, மூச்சுவிடும் எவனும் மறுக்கமுடியாத காரியத்தைப் பிடித்துக்கொண்டார்கள். இந்த ஒரு விஷயத்தில் நம் பெயரே மேல் என்று சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

வைத்திய சாஸ்திரம் இவ்வகைப் பதங்களுக்குப் பெரிய களஞ்சியம். பிணத்தை அறுத்தபோது தமனிகள் வெறுமையாக இருக்கக் கண்ட கிரேக்க வைத்தியர் சிலர் அவற்றில் ஓடுவது காற்று என்று கொண்டார்கள். மூச்சுக்குழலுக்கு உரிய பெயரே தமனிக்கும் ஆயிற்று. ஓடுவது ரத்தம் என்று காலென் என்னும் வைத்தியர் காட்டிய பின்னும் 'ஆர்டரி' என்ற சொல் போகவில்லை. 'ஹிஸ்டீரியா' பெண்களின் கருப்பையின்மேல் சுமத்தப்பட்ட பழி. 'மலேரியா' என்பதற்கு இத்தாலிய பாஷையில் கெட்ட காற்று என்பது பொருள். 1897-இல் ஸிகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் இரைப்பைக்குள் நோய்க்கிருமியைக் கண்டு காற்றை விடுதலை செய்தார் என்றாலும், பெயர்ப் பலகையில் குற்றவாளி இன்னும் காற்றுத்தான்.

இந்த மலேரியாவை ஆங்கில எழுத்துக்குக் கொண்டுவந்தவர் ஹோரஸ் வால்போல் என்னும் ஆங்கில எழுத்தாளர். 1740-இல் அவர் எழுதிய கடிதமொன்றில் அச்சொல் தலைகாட்டுகிறது. அதே பேர்வழி 1754 ஜனவரி 28-ஆம் தேதி ஹோரஸ் மேன் என்பவருக்கு எழுதிய மற்றொரு கடிதத்தில் 'ஸெரெண்டிபிடி' என்ற விசித்திரமான பதத்தைப் படைத்தார். தேடாத ஒன்றைத் தற்செயலாகவும் புத்திக்கூர்மையாலும் கண்டுகொள்ளும் பாக்கியம் என்பது பொருள். ஸெரெண்டிப் என்பது அராபியரும் பாரசீகரும் இலங்கைக்கு வழங்கிய பெயர். அத்தீவின் ராஜகுமாரர் மூவரைப் பற்றிய கதை 1557-இல் வெனிஸ் நகரில் இத்தாலிய மொழியில் அச்சேறியது. அதை எப்போதோ படித்த ஞாபகத்தில் வால்போல் எழுதினார். ஞாபகம் அவரைக் கைவிட்டது. கதையில் வரும் பிராணி ஒட்டகம். அவர் கோவேறு கழுதை என்கிறார். அது போகட்டும், பதத்தின் உயிர்நிலையே பிசகியிருக்கிறது. வழியில் ஒரு பக்கத்துப் புல்லே மேயப்பட்டிருப்பதைக் கண்டு, போன ஒட்டகத்துக்கு ஒரு கண் குருடு என்றும், மென்ற புல் சிதறிக் கிடப்பதைக் கண்டு பல் ஒன்று இல்லை என்றும், மண்ணில் கால் இழுபட்ட தடத்தைக் கண்டு நொண்டி என்றும் அறிந்துகொண்ட ராஜகுமாரர்களின் சாமர்த்தியத்தில் அதிர்ஷ்டத்துக்கு என்ன வேலை? அது முழுக்க முழுக்க அநுமானம்; நம் தர்க்க நூலார் புகையைக் கொண்டு நெருப்பை அறிதல் என்று சொல்லும் பிரமாணம். தமிழில் வழங்கிய அளகேசன் கதையிலும் நான்கு இளைஞர்கள் காணாமற்போன ஒட்டகத்தின் அங்க அடையாளங்களை இவ்வாறே சொல்கிறார்கள். வழியிலே சொட்டியிருந்த ரத்தத்துளிகளைப் பார்த்து, கொசுக்களை ஓட்ட மாட்டாத குட்டை வால் அதற்கு என்று அவர்களில் ஒருவன் சொல்லும் இடம் அலாதியானது. அவனிடம் போய் 'எல்லாம் தற்செயல்' என்றால் சிரித்திருப்பான்.

கணிதத்தில் 'சைன்' என்னும் பதத்தின் சரித்திரம் இதைவிட வளைந்து செல்கிறது. 499-இல் இயற்றப்பெற்ற ஆரியபடீயத்தில் வட்டத்தின் அரைநாணுக்கு அர்த்தஜ்யா என்று பெயர். ஜ்யா, ஜீவா எனவும் அது சுருங்கி வழங்கும். வட்டத்தின் ஒரு பகுதி வில்லாகவும், அதன் இரு முனைகளையும் சேர்க்கும் கோடு நாணாகவும் தோன்றியதால் ஏற்பட்ட அழகான பெயர். அராபியக் கணிதர் அதை ஜீபா என்று ஒலிபெயர்த்து, தம் எழுத்து வழக்கப்படி உயிரொலிகளை விட்டு எழுதிவைத்தனர். பின்வந்தோர்க்கு ஜீபா என்ற சொல் தெரியாது; அதே எழுத்துக்களை 'ஜைப்' என்று படித்தால் சட்டையின் மார்பு மடிப்பு என்று பொருள் கிடைத்தது. 12-ஆம் நூற்றாண்டில் லத்தீனில் பெயர்த்தவர்கள் மடிப்புக்கும் வளைவுக்கும் தங்கள் மொழியிலுள்ள 'ஸைனஸ்' என்ற சொல்லை இட்டார்கள். நாண் மடிப்பாயிற்று. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு: அதே 'ஜைப்' பாரசீகம், உருது வழியாகத் தமிழ்நாட்டுக்கு வந்து ஜேப்பு ஆகியிருக்கிறது. ஆரியபடரின் நாணோடு ஜேப்படித் திருடனுக்கு இப்படி ஒரு தூரத்து உறவு ஏற்பட்டதை அந்த ஜோதிஷர் அறியமாட்டார்.

அச்சுப்பிழைக்கு உதாரணம் 'ஸிலபஸ்'. சிசரோ தம் நண்பர் அட்டிகஸுக்கு எழுதிய கடிதங்களில், புத்தகச் சுருள்களில் தொங்கும் பெயர்ச்சீட்டுக்களைக் குறிக்கும் 'ஸிட்டிபா' என்ற சொல் வருகிறது. 15-ஆம் நூற்றாண்டுப் பதிப்பில் அது சிதைந்து அச்சாகி, கிரேக்கத்தில் இல்லாத ஒரு சொல்லாகப் பாடத்திட்டத்தின் தலையில் ஏறிக்கொண்டது. வெப்ஸ்டர் பேரகராதியின் 1934-ஆம் வருஷத்துப் பதிப்போ இன்னும் துணிச்சலானது. பௌதிகத்தில் அடர்த்தியைக் குறிக்க 'டி' என்னும் எழுத்தைப் பெரிதாகவோ சிறிதாகவோ எழுதலாம் என்று சுருக்கெழுத்துப் பகுதிக்காக ஒரு துண்டுச்சீட்டு தயாராயிற்று. இரண்டு 'டி'க்களையும் அவற்றினிடையே நின்ற 'அல்லது' என்னும் ஆங்கிலச் சொல்லையும் ஒன்றாகச் சேர்த்துப் படித்த யாரோ, 'டோர்ட்: அடர்த்தி' என்று உச்சரிப்பும் கொடுத்து அகராதியில் ஏற்றிவிட்டார்கள். 1939-இல் பதிப்பாசிரியர் ஒருவர், இச்சொல்லுக்கு மட்டும் வேர்ச்சொல் காட்டப்படவில்லையே என்று சந்தேகித்த பிறகே குட்டு வெளிப்பட்டது.

உழைப்பாளிகள் இட்ட பெயர்கள் எப்படி? ஸாக்ஸனி தேசத்துச் சுரங்கக்காரர்கள், செம்பு போலவே சிவந்திருந்தும் எவ்வளவு உருக்கினாலும் செம்பைத் தராத தாதுவைத் திட்டிக்கொண்டே 'செம்புக் குட்டிச்சாத்தான்' என்றார்கள். 1751-இல் கிரான்ஸ்டெட் என்னும் ஸ்வீடன் நாட்டார் அதிலிருந்து புது உலோகம் ஒன்றைப் பிரித்து, செம்பை நீக்கிவிட்டுச் சாத்தானை மட்டும் வைத்துக்கொண்டார். அதுதான் நிக்கல். கோபால்ட்டும் அத்தகைய பிசாசே. பாஷாண ஆவி கிளம்பிச் சூளையில் நின்றவர்களைத் தாக்கியபோது அவர்கள் வேறு யாரைச் சந்தேகிப்பார்கள்? 'கொரண்டம்' மட்டும் நிதானமான பெயர். அது நம் குருந்தமே. சாணை பிடிக்க உதவும் கடினமான கல் என்பதற்கு மேல் அப்பெயர் எதையும் வாதிக்கவில்லை. 1798-இல் கிரெவில் என்பவர் லண்டன் ராயல் சங்கத்தில் அதைப்பற்றி எழுதினார். மாணிக்கமும் நீலமும் அக்கல்லின் வகைகளே என்று தெளிந்த பின்பும் பெயரைத் திருத்த அவசியம் நேரவில்லை.

படித்தவர்களில் இந்த அபாயத்தை முன்கூட்டியே உணர்ந்தவர் மைக்கேல் பாரடே. புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகியவராதலால் அவருக்குக் கிரேக்கம் தெரியாது. மின்சாரத்தின் இயல்பைப் பற்றிய கொள்கை நாளை மாறலாம், ஆகவே எந்தக் கொள்கையையும் சாராத பெயர்கள் வேண்டும் என்று 1834-இல் கேம்பிரிட்ஜ் பண்டிதர் வில்லியம் ஹ்யூவெலுக்கு எழுதிக் கேட்டார். ஹ்யூவெல் அனுப்பியவை ஆனோடும் கேதோடும்: ஏறுவழி, இறங்குவழி. பூமியைச் சுற்றி மின்சாரம் ஓடுவதாகப் பாவித்தால் அது ஞாயிறு எழும் திசையிலிருந்து விழும் திசைக்குப் போகும் என்பதே இதன் ஆதாரம். 'அயான்' என்றால் 'போவது'; அவ்வளவே. 1884-இல் அர்ரேனியஸ், இந்த அயான்கள் மின்சாரம் பாய்வதற்கு முன்பே உப்புநீரில் பிரிந்து கிடக்கின்றன என்ற கருத்துக்கு வழிதிறந்தபோது, பாரடே எண்ணியதற்கு அது மாறாக இருந்தும், பெயர் தன்னிடத்தில் ஆடாமல் நின்றது. ஹ்யூவெல் 1840-இல் 'பிஸிஸிஸ்ட்' என்று இன்னொரு பதத்தையும் ஆக்கினார். ஒரே சொல்லில் இத்தனை ஸகரங்கள் வாய்க்கும் செவிக்கும் ஆகவில்லையென்று பாரடே அதை ஏற்க மறுத்துவிட்டார். பாடப் புத்தகங்கள் எல்லாம் இன்று அவரைக் குறிப்பிடுவது அந்தப் பதத்தால்தான்.