தஸ்தர்கானும் தராசும்: டெல்லி லாஜ்பத் நகரின் ஆப்கான் உணவகம் ஒன்றை முன்வைத்து

உணவைப் பற்றிய திறனாய்வு நம் இதழ்களில் அரிது. நூல்களை மதிப்பிடுகிறோம், பள்ளிவாசல்களின் கட்டடக் கலையை மதிப்பிடுகிறோம், இசையைப் பற்றிக்கூடத் தயங்கித் தயங்கியேனும் எழுதிவிடுகிறோம். தட்டில் வைக்கப்பட்டதைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. இந்த மௌனத்துக்குப் பின்னால் ஒரு மரபு இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் ஒருபோதும் குறை கூறியதில்லை, விரும்பினால் உண்பார்கள், விரும்பாவிடில் விட்டுவிடுவார்கள் என்று அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்றிருக்கிறது.

இச்செய்திக்கு விளக்கம் எழுதியவர்கள் இதை எளிதாகக் கடந்து செல்லவில்லை. உணவின் இயற்கையைக் குறை கூறுவதுதான் வெறுக்கத்தக்கது, மனிதக் கைத்திறத்தின் குறையைச் சுட்டுவதில் தவறில்லை, ஏனெனில் இறைவனின் படைப்பு பழிக்கத்தக்கதன்று, மனிதனின் ஆக்கமோ பழிப்புக்கு உரியதாகலாம் என்று அறிஞர் சிலர் வேறுபடுத்தினர். 1449இல் மறைந்த இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ தம் ‘ஃபத்ஹுல் பாரீ’யில் இக்கருத்தை எடுத்துக்காட்டிவிட்டு, அதற்கு உடன்படாமல், விலக்கு இரண்டுக்கும் பொதுவானதே என்கிறார். அவர் சொல்லும் காரணம் நம்மைச் சற்று நிறுத்துகிறது: குறை சொன்னால் சமைத்தவரின் உள்ளம் உடைந்துபோகும்.

அப்படியாயின் உணவுத் திறனாய்வு என்பதே கூடாத ஒன்றா? விருந்தாளிக்கும் விருந்தளிப்போனுக்கும் இடையிலான ஒழுங்கு வேறு. விலை கொடுப்போனுக்கும் விற்போனுக்கும் இடையிலான ஒழுங்கு வேறு என்பது நம் கருத்து. சரக்கின் குறையை மறைத்து விற்பதைக் கண்டித்த மார்க்கம், வாங்குவோன் அதைப் பற்றிப் பேசுவதைத் தடுத்திருக்க முடியாது. எனினும் இப்னு ஹஜரின் காரணத்தைத் தள்ளிவிடவும் நமக்கு மனமில்லை. ஆகவே இங்கு நாம் எடுத்துக்கொள்ளும் உணவகத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. குறைகளைச் சொல்வோம், அந்தச் சமையற்காரரை எவரும் விரல் நீட்டிக் காட்டும்படி சொல்லமாட்டோம்.

இன்னொரு நிகழ்ச்சியும் இவ்விடத்தில் கருதத்தக்கது. உடும்பு இறைச்சி முன்வைக்கப்பட்டபோது நபியவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். அது தடுக்கப்பட்டதா என்று வினவப்பட்டபோது, இல்லை, தம் மக்களின் மண்ணில் அது இருந்ததில்லை, ஆகவே மனம் ஒப்பவில்லை என்றார்கள். அவர்கள் பார்த்திருக்கவே காலித் பின் வலீத் (ரலி) அதை எடுத்து உண்டார்கள். பழக்கமில்லாத சுவைக்கும் பழுதான பக்குவத்துக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்றை நாம் அறியோம். பிற மக்களின் உணவைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இடறி விழுவது இந்த இடத்தில்தான்.

லாஜ்பத் நகர் ஏதிலிகளால் உருவான பேட்டை. 1947இன் பிரிவினையில் மேற்குப் பஞ்சாபிலிருந்தும் சிந்திலிருந்தும் வந்தவர்களைக் குடியமர்த்த எழுந்தது அது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் வீட்டுக்காரர்களாகிவிட்ட காலத்தில் ஆப்கானியர் வாடகைக்கு வந்தனர். 1979 டிசம்பரில் சோவியத் படை நுழைந்தபின் ஓர் அலை. 1992இல் நஜீபுல்லாவின் ஆட்சி வீழ்ந்தபின் இன்னோர் அலை. அதில் வந்த சீக்கியரும் இந்துக்களும் பெரும்பாலும் திலக் நகர்ப் பக்கம் போயினர். 2001க்குப் பிறகு காபூலிலிருந்து மருத்துவத்துக்காக வருவோர் பெருகினர். நோயாளிக்கும் உடன் வந்தோருக்கும் அறை வேண்டும், மொழிபெயர்ப்பாளர் வேண்டும், மருந்துக்கடை வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னதாக, வயிறு ஏற்கும் உணவு வேண்டும். தரீ மொழியில் பெயர்ப்பலகை எழுதிய உணவகங்கள் இத்தேவையின் பிள்ளைகள். நோயுற்றவனுக்குப் பக்கத்தில் அமர்ந்திருப்பவனின் பசிக்காகப் பிறந்தவை அவை என்பதை மனத்தில் இருத்தினால், அவ்வுணவின் மென்மை புரியும்.

நாம் சென்ற உணவகம் மிக எளியது. ஏழெட்டு மேசைகள், ஒரு மூலையில் கம்பளம் விரித்த மேடை, அதில் காலை மடக்கி அமர்ந்தால் நடுவே ஒரு விரிப்பை விரிக்கிறார்கள். அவ்விரிப்புக்குத்தான் தஸ்தர்கான் என்று பெயர். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் ஒரு ஸஹனைச் சுற்றி அமர்ந்து உண்டு வளர்ந்தவர்களுக்கு இந்த இருப்பு அந்நியமாகத் தோன்றாது. மேசையில் தனித்தனியே அமர்ந்து, தனித்தனித் தட்டில் வாங்கி உண்பவர் இவ்வுணவில் பாதியை இழக்கிறார். அளவுகளே பலர் கூடி உண்பதற்கென வகுக்கப்பட்டவை.

காபூலி புலாவைப் பற்றி விரிவாகச் சொல்லவேண்டும். ஆப்கானியர் தம் நாட்டின் உணவு என்று மார்தட்டிச் சொல்வது இதைத்தான். வெங்காயத்தை நன்றாகச் சிவக்க வறுத்து, அதில் இறைச்சியை வேகவிட்டு எடுக்கும் சாறுதான் இதன் உயிர். சோற்றின் பழுப்பு நிறம் அந்த வெங்காயத்திலிருந்து வருவது. மஞ்சளுக்கோ மிளகாய்க்கோ இங்கு வேலையில்லை. அரிசி பெரும்பாலும் புழுங்கல் பாசுமதி. அதை அரைவேக்காட்டில் வடித்து, சாற்றையும் சீரகம், ஏலக்காய், பட்டை, கிராம்பு சேர்ந்த பொடியையும் கலந்து, இறைச்சியை அடியில் புதைத்துத் தம்மில் இடுவார்கள். மெல்லிய குச்சிகளாக நறுக்கிய கேரட்டையும் உலர்திராட்சையையும் தனியே வதக்கி மேலே பரப்புவார்கள். தட்டு வரும்போது இறைச்சி கண்ணுக்குத் தெரியாது. சோற்றை விலக்கினால்தான் கிடைக்கும். இறைச்சித்துண்டை மேலே வைத்து அழகுகாட்டும் இன்றைய வழக்கத்தைப் பார்த்துப் பழகியவர் முதலில் ஏமாற்றமடையக்கூடும்.

இவ்வுணவகத்தின் புலாவில் சோறு குறைசொல்ல இடமில்லாதது. பருக்கை பருக்கையாக உதிர்கிறது. ஒவ்வொன்றிலும் சாறு ஏறியிருக்கிறது. எண்ணெய் கையில் ஒட்டினாலும் நாவில் தங்குவதில்லை. இறைச்சி நன்கு வெந்திருந்தது, ஆனால் சுவையில் மெலிந்திருந்தது. காபூலில் இதற்கு வாலில் கொழுப்புத் திரண்ட செம்மறியைப் பயன்படுத்துவார்கள். டெல்லிச் சந்தையில் கிடைப்பதோ வெள்ளாடு. இது சமையற்காரரின் குறையன்று, மண்ணின் குறை. கேரட்டின் கதை வேறு. ஆப்கானிஸ்தானை ஒட்டிய நடு ஆசிய நிலத்தில்தான் கேரட் முதலில் பயிராயிற்று என்பது தாவரவியலார் கருத்து. அத்தகைய காயை, காலையிலேயே சர்க்கரைப் பாகில் புரட்டி வைத்துவிட்டு, கேட்கும்போதெல்லாம் ஒரு கரண்டி அள்ளிப் போடுகிறார்கள். மிட்டாய்போல் பளபளக்கும் அது சோற்றோடு சேராமல் தனித்து நிற்கிறது. வதக்கிய கேரட்டின் இயல்பான இனிப்பே போதுமானது. இது கைப்பக்குவத்தின் குறைதான். இதைச் சொல்லத்தான் வேண்டும்.

இதை நம் பிரியாணியோடு ஒப்பிடும் ஆவல் எவருக்கும் எழும். சீரகச் சம்பாவின் மணமும் மிளகாயின் உறைப்பும் பழகிய நாக்கு, முதல் கவளத்திலேயே ‘சப்பென்று இருக்கிறது’ என்று தீர்ப்பு எழுதிவிடும். இது உடும்பைப் பற்றிய சொல்தானே தவிரத் தீர்ப்பன்று. ஆம்பூர்ப் பிரியாணி முதல் கவளத்தில் வெல்ல முயல்கிறது. காபூலி புலாவ் பத்தாவது கவளத்திலும் அலுக்காமலிருக்க முயல்கிறது. ஒன்றின் அளவுகோலால் மற்றதை அளக்க முடியாது.

புலாவைவிட நம்மைக் கவர்ந்தது மந்து. மெல்லிய மாவு உறைக்குள் வெங்காயமும் கொத்திறைச்சியும் பொதிந்து ஆவியில் வேகவைக்கிறார்கள். கீழே பூண்டு கலந்த கெட்டித்தயிர், மேலே தக்காளியில் வெந்த பருப்பு, அதன்மேல் உலர்ந்த புதினாத் தூள். சூடும் குளிர்ச்சியும், கொழுப்பும் புளிப்பும் ஒரே வாயில் சந்திக்கின்றன. துருக்கியிலும் உஸ்பெகிஸ்தானிலும் இதே பெயரின் உறவுச் சொற்களோடு இதன் உடன்பிறப்புகள் உண்டு. சீனத்தின் மாந்தோ என்னும் ஆவிரொட்டிவரை இப்பெயரின் தடம் நீள்கிறது. பட்டுப்பாதையைப் பற்றிய பல நூல்கள் சொல்லத் தவறுவதை இந்தத் தட்டு சொல்லிவிடுகிறது. உறைகள் அன்றைக்கே கையால் மடிக்கப்பட்டவை என்பது அவற்றின் ஒழுங்கின்மையிலிருந்தே தெரிந்தது. கந்தனா என்னும் கீரைத்தண்டை உள்ளே வைக்கும் ஆஷக், இங்கு வெங்காயத்தாளோடு வருகிறது. கந்தனாவின் காரநெடி அதில் இல்லை. இருப்பதை வைத்துச் செய்திருக்கிறார்கள், நன்றாகவே செய்திருக்கிறார்கள்.

ரொட்டியைப் பற்றித் தனியே கேட்கத் தேவையில்லை, கேளாமலே வரும். நீளமானது, விரல்களால் வரிவரியாக அழுத்தப்பட்டது, கருஞ்சீரகம் தூவியது. சூடாக இருக்கும்வரை இதற்கு இணையில்லை, ஆறினால் தோல்தான். புதினாவும் வெள்ளரியும் இட்ட தோக் என்னும் மோர் நம் மோருக்கு நெருங்கிய உறவு.

நம் சமையலறைக்கும் ஆப்கான் மண்ணுக்கும் இன்னொரு பழைய உறவும் உண்டு. சாம்பாரிலும் ரசத்திலும் இடும் பெருங்காயத்தின் மூலப்பொருள் நெடுங்காலமாக ஆப்கானிஸ்தானிலிருந்தும் அதன் அண்டை நாடுகளிலிருந்துமே வருகிறது. இந்தியாவில் அதைப் பயிரிடும் முயற்சி இமாசலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் 2020 அக்டோபரில்தான் தொடங்கியது. விந்தை என்னவெனில், ஆப்கானியர் குளிர்காலத்துக்கு இறைச்சியை உலர்த்தும்போது அதைத் தடவுவார்களேயன்றி, அன்றாடச் சமையலில் அதை அவ்வளவாக நாடுவதில்லை. தமிழனின் ரசம் மணக்க அவர்கள் பிசின் கீறி அனுப்பினார்கள்.

இனி நமது முதன்மையான குற்றச்சாட்டுக்கு வருவோம். உணவுப்பட்டியலின் பின்பக்கத்தில் வேறோர் உணவகம் ஒளிந்திருக்கிறது. முந்திரி விழுதிலும் பாலேட்டிலும் ஊறவைத்துச் சுட்ட ‘ஆப்கானி சிக்கன்’ அங்கே முதலிடம் வகிக்கிறது. வட இந்திய உணவகங்கள் படைத்து, ஆப்கான் பெயரைச் சூட்டிய பண்டம் அது. காபூல்காரரிடம் கேட்டால் விழிப்பார். அதை ஒரு காபூல் சமையற்காரரே தம் கையால் செய்து, தம் நாட்டின் பெயரால் விற்கவேண்டிய நிலை ஏற்பட்டிருக்கிறது. உண்டு பார்த்தோம்: கனத்த, முகமற்ற உணவு. கூடவே சப்லி கபாபில் மாதுளைவித்தும் மல்லிவித்தும் பின்வாங்கி, மிளகாய்த்தூள் முன்னே வந்துவிட்டது. கேட்டபோது, பரிமாறியவர், இங்குள்ளவர்கள் இப்படித்தான் விரும்புகிறார்கள் என்றார். அவர் சொன்னது உண்மைதான். தம்மவருக்காகச் சமைத்த ஒவ்வொன்றிலும் இவ்வுணவகம் வென்றிருக்கிறது. நமக்காகச் சமைத்த ஒவ்வொன்றிலும் தோற்றிருக்கிறது.

இதற்குச் சமையற்காரரை மட்டும் பொறுப்பாக்குவது நேர்மையாகாது. 2021 ஆகஸ்டில் காபூல் தாலிபான் வசமானதும், ஆப்கானியருக்கு முன்பு வழங்கியிருந்த விசாக்களை இந்தியா செல்லாதவையாக்கியது. அத்துடன் நோயாளிகளின் வரவு சட்டென்று வற்றியது. தரீயில் பேசி, புலாவைக் கேட்டு, கேரட்டின் இனிப்பு மிகுந்தால் முகம் சுளிக்கக்கூடிய வாடிக்கையாளரே இல்லாமற்போனால், அச்சமையலறையைக் கண்காணிப்பவர் யார்? இருக்கைகளை இப்போது நிரப்புவோர் கல்லூரி மாணவரும் அண்டை அயலாரும். சட்டமும் துணைக்கு வருவதில்லை. 1951ஆம் ஆண்டின் ஏதிலிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம், ஆப்கானிஸ்தானிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த இந்து, சீக்கிய, பௌத்த, சமண, பார்சி, கிறிஸ்தவ மக்களுக்குக் கதவைத் திறந்தது. அதே விமானத்தில் வந்த முஸ்லிமுக்கு அது மூடியே இருக்கிறது. நாளை இங்கிருப்போமா என்றறியாதவர், இன்று எது விற்குமோ அதைத்தான் விற்பார்.

ஆயினும் இரக்கத்தை உப்பாகத் தூவி உண்பதும் ஒருவகை அவமதிப்பே. ஏதிலி என்பதற்காக ஒருவரின் சமையலைப் புகழ்வோர், அவரைக் கலைஞராக ஏற்க மறுக்கிறார்கள். இந்துஸ்தானத்தில் நல்ல முலாம்பழமில்லை, திராட்சையில்லை, கடைத்தெருவில் நல்ல ரொட்டியில்லை என்று பாபர் எழுதிவைத்ததை நாம் ஆணவம் என்று படிக்கலாம். ஊரேக்கம் என்றும் படிக்கலாம். காபூலைப் பிரிந்திருந்த அவர், ஒரு முலாம்பழத்தை அறுத்து உண்டபோது கண்ணீர்விட்டதையும் அவரே பதிவுசெய்திருக்கிறார். அந்த நகரத்து நாக்குக்கு எது சரி, எது சரியில்லை என்னும் கூர்மை என்றும் இருந்திருக்கிறது. அதே கூர்மையோடு உண்டு, அதே கூர்மையோடு பேசுவதுதான் அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை.

செல்ல விரும்புவோருக்கு ஒரு சொல். நண்பகலில் செல்லுங்கள், புலாவ் ஒருமுறைதான் தம்மிடப்படுகிறது, மாலையில் கிடைப்பது அதன் எச்சம். நால்வராகச் செல்லுங்கள், மேடையில் அமருங்கள். மந்துவும் ஆஷக்கும் கேளுங்கள்; கேரட்டைக் குறைத்துப் போடச் சொல்லுங்கள். கபாபை ஆப்கானியருக்குச் செய்வதுபோலச் செய்யும்படி கேட்டால், பரிமாறுபவர் ஒரு கணம் தயங்குவார். பிறகு உள்ளே சென்று தரீயில் ஏதோ சொல்வார். அடுத்து வரும் கபாபில் மிளகாய் இருக்காது.