வாயிற்படியிலே ஒரு தத்துவம்

1886ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30ஆம் நாள் புதுக்கோட்டையிலே ஒரு பெண் மகவு பிறந்தது. அடுத்த திங்களில், ஆகஸ்டு 18ஆம் நாள், சென்னை மயிலாப்பூரிலே மற்றொரு பெண் மகவு. முன்னவள், கோயிலுக்குப் பொட்டுக்கட்டிவிடும் குலம் என்று ஊரார் ஒதுக்கிய தாயின் மகள். பின்னவள், உயர்ந்த குலம் என்று ஊரார் கைகூப்பிய இல்லத்தின் மகள். முன்னவளைக் குலம் சுட்டது. பின்னவளையாவது குலம் காத்ததா? இல்லை! பதினோராம் வயதிலேயே அவளுக்குக் 'கைம்பெண்' என்ற பட்டத்தைச் சூட்டிவிட்டது. முன்னவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். பின்னவர் சகோதரி சுப்புலட்சுமி அம்மையார். இருவரும் வளர்ந்து ஆளுக்கொரு பெண்கள் விடுதியை நிறுவினர். ஒரே ஆண்டிலே பிறந்து, ஒரே நகரிலே தொண்டாற்றி, 1968இலும் 1969இலுமாக அடுத்தடுத்து மறைந்த இவ்விருவரையும் 'தொண்டுள்ளம்' என்ற ஒரே மாலையிட்டு வாழ்த்திவிட்டுப் போவது எளிது. நாம் வாழ்த்தவும் செய்வோம். ஆயினும், அந்த இரு விடுதிகளின் வாயிற்படியிலே சற்று நின்று பார்த்துவிட்டு வாழ்த்துவோம். ஒரு விடுதியின் தத்துவத்தை அதன் ஆண்டறிக்கையிலே தேடுவது வீண்வேலை. யாரை உள்ளே விடுகிறார்கள், யாரை வெளியே நிறுத்துகிறார்கள் என்று பார்த்தால் போதும்.

சுப்புலட்சுமி அம்மையாரின் துணிவை முதலிலே பேசியாக வேண்டும். கைம்பெண்ணான சிறுமியை மூலையிலே உட்காரவைக்கச் சொன்னது வைதிகம். புத்தகத்தைக் கையிலே கொடுத்தார் தந்தை. கன்னியர் மடத்துப் பள்ளியிலே பயின்று, மாநிலக் கல்லூரியிலே சேர்ந்து, 1911இல் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்திலே பட்டம் பெற்ற முதல் இந்துக் கைம்பெண் அவரே. பட்டத்தைச் சட்டமிட்டுச் சுவரிலே மாட்டிக்கொண்டு அவர் உட்கார்ந்துவிடவில்லை. தன்னைப் போன்ற சிறு கைம்பெண்கள் சிலரை எழும்பூரிலே தம் குடும்பம் இருந்த வீட்டுக்கே அழைத்துவந்து படிக்கவைக்கத் தொடங்கினார். அவரைப் போலவே கைம்பெண்ணான சிற்றன்னை வாலாம்பாள் அடுப்பங்கரையைப் பார்த்துக்கொண்டார். 1912இல் சாரதா மாதர் சங்கம் எழுந்தது. அந்தச் சிறு இல்லம் எழும்பூரிலிருந்து திருவல்லிக்கேணிக்குப் போயிற்று. பிறகு கடற்கரையிலே, அமெரிக்காவிலிருந்து கப்பலிலே வந்த பனிக்கட்டியைச் சேர்த்துவைக்க முன்னொரு காலத்தில் கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸ் கட்டிடத்துக்குக் குடியேறிற்று. அதனை 1917இல் அரசாங்கமே விலைக்கு வாங்கியது.

ஆங்கில அரசாங்கத்துக்குக் கைம்பெண்கள்மீது ஏன் இந்தத் திடீர்க் கருணை? காரணம் இருந்தது, தோழர்களே! பெண் பருவமடைந்ததும் பள்ளியைவிட்டு நிறுத்துவது அன்றைய வழக்கம். ஆண் ஆசிரியரிடம் மகளை அனுப்ப வீட்டார் இசையார். பெண் ஆசிரியரோ கிடையார். பெண்கள் படித்தால்தானே பெண் ஆசிரியர் கிடைப்பார். பெண் ஆசிரியர் கிடைத்தால்தானே பெண்கள் படிப்பார்! இந்தச் செக்குச் சுற்றிலே அகப்பட்டுக் கல்வித் துறை விழித்துக்கொண்டிருந்தது. கணவனும் இல்லை, குழந்தையும் இல்லை, வீட்டாருக்கும் வேண்டாதவர் என்று ஒதுக்கப்பட்ட இளங் கைம்பெண்ணைப் படிக்கவைத்து ஆசிரியராக்கினால் செக்கு நின்றுவிடும் என்று அம்மையாரும் கண்டார். பெண் பள்ளிகளின் ஆய்வாளராக இருந்த கிறிஸ்டினா லிஞ்ச் என்ற அயர்லாந்து மாதும் கண்டார். இருவர் கணக்கும் ஒன்றாகப் பொருந்திற்று.

அதிலே ஒரு பெரும் புரட்சி ஓசையின்றி நடந்தேறியது. காலையிலே எதிரே வந்தால் சகுனத் தடை என்று எவளைக் கண்டு திரும்பி நடந்தார்களோ, அவளுடைய முகத்திலேதான் நாற்பது குழந்தைகள் தினந்தோறும் காலையிலே விழித்துப் பாடம் கேட்டனர். மாதம் பிறந்தால் அவள் கைக்குச் சம்பளம். அண்ணன் மனைவியின் ஏச்சுக்கும் மிச்சச் சோற்றுக்கும் காத்திருந்தவள், தம்பியின் படிப்புக்குப் பணம் அனுப்பும் நிலைக்கு உயர வழி பிறந்தது. சாத்திரத்தின் ஏட்டிலே ஒரு வரியையும் கிழிக்காமலே சாத்திரத்தின் பிடியைத் தளர்த்திய வேலை இது. மயிலாப்பூர் முணுமுணுத்தது, வசை பேசிற்று. அம்மையார் அஞ்சவில்லை. 1922இல் லேடி வெலிங்டன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி தோன்றியபோது அதன் தலைவராக அவரே அமர்ந்தார்.

இத்தனையும் உண்மை. வாயிற்படிக்கு வருவோம்.

ஐஸ் ஹவுஸ் இல்லம் பிராமணக் கைம்பெண்களுக்கு மட்டும் உரியது! கைம்பெண் என்றால் போதாது. குலமும் பொருந்த வேண்டும். எழும்பூர் வீட்டிலே, தந்தையின் வருவாயிலே நடந்தவரையில் அதைக் குடும்பத்தின் வழக்கம் என்று விட்டுவிடலாம். 1917க்குப் பிறகு? கட்டிடம் அரசாங்கத்தின் கட்டிடம். வரி கொடுத்தவன் உழவன், நெசவாளி, மீனவன். அந்த வாயிலுக்கு எதிரேயே கடல், கடலோரமே குப்பம். கணவனைக் கடல் கொண்ட பெண் எத்தனை பேர் அந்தக் குப்பத்திலே! குப்பத்துக் குழந்தைகளுக்கும் எழுத்தறிவிக்க அம்மையார் முயன்றார் என்பதை மறைக்க மாட்டேன். அவர் மனம் குறுகிய மனம் அன்று. எழுத்து அவர்களுக்கும் உண்டு, கூரை மட்டும் இல்லை என்றால் அது என்ன கணக்கு என்றுதான் கேட்கிறேன்.

இதற்கு ஆயத்தமாக ஒரு விடை இருக்கிறது. "குழந்தைக் கைம்மையின் கொடுமை அந்தக் குலத்திலேதான் மிகுதி, மறுமணம் அறவே மறுக்கப்பட்டதும் அங்கேதான், மற்றவரையும் சேர்த்திருந்தால் அக்கிரகாரம் ஒரு பெண்ணையும் அனுப்பியிராது, இல்லமே எழுந்திராது" என்பார்கள். இது பொய்யான விடை அன்று. 1912இல் அம்மையார் இருந்த இடத்திலே நின்று பார்த்தால் அவருக்கு வேறு வழி தெரிந்திராமலும் இருக்கலாம். ஆனால் அந்த விடையைச் சற்றுப் பிரித்துப் பாருங்கள். எந்த வைதிகம் அந்தச் சிறுமியின் வாழ்வைச் சூறையாடியதோ, அந்த வைதிகத்திடமே அவளை அழைத்துப்போக அனுமதிச் சீட்டு கேட்கிறோம். அதற்கு விலையாக, வேறு குலத்துப் பெண்ணை வாசலிலே நிறுத்த ஒப்புக்கொள்கிறோம். விலை கொடுத்தது யார்? அம்மையார் அல்லர். அக்கிரகாரமும் அன்று. வாசலிலே நின்றவள்!

சேரன்மாதேவி நினைவுக்கு வருகிறதல்லவா? 1924-25ஆம் ஆண்டுகளிலே வ.வே.சு. அய்யரின் குருகுலத்திலே பிராமணச் சிறுவர் இருவருக்குத் தனிப் பந்தி போடப்பட்டதற்காக நாடே கொதித்தது. பெரியாரும் வரதராசுலு நாயுடுவும் அன்று எழுப்பிய கேள்வி, பொதுப் பணத்திலே நடக்கும் பள்ளியிலே வேற்றுமை ஏன் என்பது. அதே அளவுகோலை எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு வந்தால் என்ன சொல்வது? அங்கே பந்தியிலே பிரித்தார்கள். இங்கே பிரிக்கவே வேலையில்லை. மற்றவர்கள் உள்ளேயே வரவில்லை. பையன்களின் பந்தியை நினைவிலே வைத்திருக்கும் நாம், பெண்களின் பந்தியை அவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை என்பது நம் மேலும் ஒரு குறைதான்.

இனி 1930. மற்றொரு வாயிற்படி.

முத்துலட்சுமி அம்மையார் அப்போது புகழின் உச்சியிலே இருந்தார். புதுக்கோட்டை மன்னர் கல்லூரியிலே, ஆண்கள் மட்டுமே பயின்ற இடத்திலே, எதிர்ப்புக்கிடையே மன்னரின் அனுமதியோடு நுழைந்தவர். 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றவர். சட்டமன்றத்திலே துணைத் தலைவராக அமர்ந்தவர். கோயில் ஊழியத்துக்கு ஈடாகத் தேவதாசிகளுக்கு விடப்பட்டிருந்த மானிய நிலத்தை, ஊழியக் கட்டின்றி அவர்களுக்கே உரிமையாக்கும் சட்டத்தை 1929இல் நிறைவேற்றிவைத்தவர். சட்டம் நிலத்தைக் கொடுத்தது, நிலமில்லாத சிறுமிக்கு? பொட்டுக்கட்டுக்குத் தப்பி மூன்று பெண்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். அம்மையார் அவர்களுக்கு நகரத்து மாணவியர் விடுதிகளிலே இடம் கேட்டார். பிராமணப் பெண்களுக்கென ஒரு விடுதி, மறுத்தது. வியப்பில்லை. பிராமணரல்லாத பெண்களுக்கென ஒரு விடுதி, அதுவும் மறுத்தது!

இந்த இரண்டாவது மறுப்பைப் படிக்கும்போது நமக்கு நாணம் வர வேண்டும். மேலே இருப்பவன் தள்ளினால் அநீதி என்று முழங்குகிறோம்; நாம் தள்ளும்போது அது 'குடும்பப் பெண்களின் மானம்' ஆகிவிடுகிறது. ஒரு குலத்துக்கென்று அமைத்த வாயிலுக்கு மட்டுமா இந்த நோய்? குலத்தாலே ஒதுக்கப்பட்டவர்களுக்கென்று அமைத்த வாயிலும், தனக்குக் கீழே ஒருத்தியைத் தேடிக் கண்டுபிடித்துச் சாத்திக்கொண்டது.

அம்மையார் அந்த மூவரையும் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அதுதான் ஔவை இல்லம். குலம் கேட்பதில்லை, தாய் யார் என்று கேட்பதில்லை, தந்தை பெயர் கேட்பதில்லை. எந்தக் கேள்விகளாலே தாமே சிறுவயதிலே குத்துண்டாரோ, அந்தக் கேள்விகளையெல்லாம் தம் வாயிற்படியிலே அவர் கேட்காமல் விட்டார். விடுதி எழுந்தது, பள்ளி எழுந்தது, அடையாற்றிலே வேரூன்றியது. அனுமதிச் சீட்டு கேட்டு வைதிகத்தின் வாசலுக்கு அவர் போகவில்லை. போனாலும் கிடைத்திராது. ஆகவே விலை கொடுக்க வேண்டிய தேவையும் எழவில்லை. ஒடுக்கப்பட்டவளிலே மிகவும் ஒடுக்கப்பட்டவளுக்காக வாசலைத் திறந்தால் மற்ற எல்லாரும் தாமே நுழைந்துவிடலாம். மேலிருந்து திறந்துகொண்டு வந்தால் ஒவ்வொரு படியிலும் ஒரு பூட்டு. அக்கிரகாரம் அனுப்பாது என்று அஞ்சியவர்களுக்கு விடை இந்த வீடு.

இதனாலே ஔவை இல்லத்தின் தத்துவம் மாசற்றது என்று சொல்லிவிட மாட்டேன். முத்துலட்சுமி அம்மையார் அந்தப் பெண்களுக்காகக் கண்ட கனவு, அவர்கள் நல்ல மனைவியராக, அன்புத் தாய்மாராக, பயனுள்ள குடிமக்களாக ஆக வேண்டும் என்பது. வரிசையைக் கவனியுங்கள்! மனைவி முதலிலே, குடிமகள் கடைசியிலே. ஔவையின் பெயரை வைத்தாரே, ஔவை யாருடைய மனைவி? வீடும் வாசலும் இன்றி, மணமும் மக்களும் இன்றி, மன்னர் அவையிலே தலைநிமிர்ந்து நின்றவள் என்றல்லவா அவளைத் தமிழ்நாடு நினைவில் வைத்திருக்கிறது? கோயிலிலிருந்து மீட்ட பெண்ணுக்குக் குடும்பத்திலே ஒரு மூலை தேடித் தருவதே விடுதலை என்று எண்ணியது அக்காலத்தின் எல்லை. ஆடலும் பாடலும் கற்றிருந்த தேவதாசிகள் சிலர், எங்கள் கலையையும் உரிமையையும் எங்களைக் கேளாமலே இழிவு என்கிறீர்களே என்று எதிர்த்து எழுந்தனர். பெங்களூர் நாகரத்தினம்மாள் அவர்களிலே ஒருவர். அவர்கள் கேட்டதிலே ஒரு பாதி பழைமையின் வாதம். மறுபாதி, மீட்கப்படுகிறவளுக்கும் வாய் உண்டு என்ற நியாயம். அதே குலத்திலிருந்து எழுந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், பொட்டுக்கட்டை ஒழிக்க ஊர் ஊராகப் போராடியவர், தாமே பேசினார், தாமே எழுதினார். 1936இல் நாவலே எழுதி வெளியிட்டார். மீட்பவர் குரலும் மீட்கப்படுபவர் குரலும் ஒன்றாக ஒலித்த இடம் அதுதான்.

அந்த மூவலூர் அம்மையார் பெயராலே 1989இல் தமிழக அரசு தொடங்கிய திட்டமும் ஏழைப் பெண்ணின் திருமணத்துக்கே உதவியது. மனைவி முதலிலே என்ற அந்தப் பழைய வரிசை அதிலும் தொடர்ந்தது. 2022இல்தான் அது மாறி, அரசுப் பள்ளியிலே பயின்ற பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1000 ரூபாய் என்றாயிற்று. ஔவை இல்லம் தோன்றித் தொண்ணூற்றிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

கடற்கரைச் சாலையிலே அந்த வட்டக் கட்டிடம் நிற்கிறது. 1897இல் விவேகானந்தர் அங்கே ஒன்பது நாள் தங்கினார். 1963இல் அவர் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. ஆண்டுக்கணக்கிலே அதே மாடிகளிலே தங்கிப் படித்து, மாகாணமெங்கும் பள்ளிகளுக்கு ஆசிரியராகப் போன கைம்பெண்கள் இருந்தார்களே, அந்தக் கட்டிடத்துக்கு அவர்கள் பெயரை வைக்கவேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை.